இருதயமும் ஓரெழுத்துப் பிழையும்

ஏட்டுச் சுவடிகளை ஆராய்வோர்க்குப் பாடபேதம் புதிதன்று. படியெடுப்போன் ஓரெழுத்தைப் பிறழ எழுதுவானாயின், அப்படியினின்று எழுந்த படிகளிலெல்லாம் அப்பிழை தொடரும். பல படிகளையும் ஒப்புநோக்கியே பதிப்பாசிரியர் பிழை புகுந்த இடத்தைக் காண்பர். இருதய நோயொன்றின் காரணத்தைக் கண்ட அறிஞரும் இதனையொத்த முறையையே கையாண்டனர் என அறிந்து, தமிழ் மாணவனாகிய யான் பெரிதும் வியந்தேன். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

கைமுட்டியளவினதாகிய நம் இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1,00,000 முறை சுருங்கி விரிகின்றது. அதன் தசைச்சுவர் அளவிறந்து தடித்துவிடும் நோயொன்று உண்டு. 500 பேரில் ஒருவர்க்கு இஃது உளதென மருத்துவர் கணித்துள்ளனர். அவருட் பலர் யாதொரு துன்பமுமின்றி முதுமை எய்துவர். சிலரோ, ஓடியாடும் இளம்பருவத்திலேயே திடீரென வீழ்ந்து உயிர் துறப்பர். 1958-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் டொனால்டு டீயர், இளைஞர் சிலருடைய இருதயங்களை ஆராய்ந்து இந்நோயை விளக்கினார்.

கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்திலே, கோட்டிகுக் என்னும் ஊரைச் சார்ந்த ஒரு குடியில் இத்தகைய மரணங்கள் தலைமுறைதோறும் நிகழ்ந்துவந்தன. அதனைச் சாபமென்றே சொல்வாரும் உளராயினர். 1961-இல் பாரே என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் அக்குடியினரின் வழிமுறையை ஆராய்ந்து, இது பரம்பரையாக வரும் நோய் எனக் காட்டினர். பெற்றோருள் ஒருவர்க்கு இக்குறை இருப்பின், பிறக்கும் மகவொவ்வொன்றுக்கும் அது வருதற்கும் வாராமைக்கும் வாய்ப்புச் சமமாம்.

பாரே கண்டது நோய் வந்த வழி. அது தங்கியிருந்த இடத்தைக் காண்பதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு கழிந்தன. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கிறிஸ்டீன் சைட்மன் அம்மையாரும், அவர் கணவர் ஜோனதன் சைட்மனும், அவர்தம் குழுவினரும் அப்பணியை மேற்கொண்டனர். உயிரணுவிலுள்ள 23 இணைக் குரோமோசோம்களையும் 23 இணை ஏட்டுக்கட்டுகளாகக் கொள்வோமாயின், அவற்றுள் எக்கட்டிற் பிழை உளது என்பதே முதல் வினா. அக்குடியில் நோயுற்றோர் குருதியையும் உறாதோர் குருதியையும் ஒப்புநோக்கி, 1989-இல் அது 14-ஆம் குரோமோசோமில் உளதெனத் தெளிந்தனர். 1990-இல் மரபணுவையே கண்டனர்.

அம்மரபணு, மையோசின் என்னும் புரதத்தை ஆக்குவதற்குரியது. மையோசின், படகோட்டி துடுப்பு வலிப்பதுபோல, அக்டின் என்னும் இழையைப் பற்றியிழுத்துத் தசையைச் சுருங்கச் செய்கின்றது. டி. என். ஏ. என்னும் மூல ஏடு நான்கே எழுத்துகளால் ஆயது. மும்மூன்றெழுத்து ஒரு சொல்லாய் நின்று, ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மையோசினின் 1,935 அமினோ அமிலங்களுள் 403-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் நிற்றல் வேண்டும். அக்குடியில் நோயுற்றோரிடத்தோ, ஓரெழுத்து மாறினமையால் ஆங்குக் குளுட்டமைன் நின்றது. இதனை எவ்வாறு உறுதி செய்வது? 1996-இல் அதே பிழையைச் சுண்டெலியின் மரபணுவிற் புகுத்தினர். அவ்வெலியின் இருதயமும் அந்நோயுற்றது.

நிற்க. பிற குடும்பங்களில் வேறு பிழைகளும், வேறு மரபணுக்களிற் பிழைகளும் பின்னர்ப் புலப்பட்டன. இவ்வாராய்ச்சி நம் நாட்டினர்க்கும் அயலன்று. மையோசினோடு பிணைந்துநிற்கும் வேறொரு புரதத்தின் மரபணுவில், 25 எழுத்துகள் விடுபட்ட படியொன்று இந்திய உபகண்டத்தாருள் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரிடத்து உளதென்றும், அது இருதயத் தசைநோயோடு தொடர்புடையதென்றும், தண்டபாணி முதலிய அறிஞர் 2009-இல் வெளியிட்டனர். அவ்வாராய்ச்சியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டது.

பிழையை அறிதல் வேறு, திருத்துதல் வேறு. பிழையுடையேன் என்று அறிந்த இளைஞனுக்கு அவ்வறிவே ஒரு சுமையாதலும் கூடும். ஆயினும், பிழையில்லை என்று தெளிந்த அவன் உடன்பிறந்தார்க்கு வாழ்நாள் அச்சம் நீங்குகின்றது. பிழையுடையாரும் காலந்தோறும் இருதயத்தைச் சோதித்து, வேண்டுமிடத்து உயிர்காக்கும் கருவியை மார்பிற் பொருத்திக்கொள்ளலாம். மையோசினின் மிகைத்தொழிலை அடக்கும் மாவகாம்டென் என்னும் மருந்து 2022-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஏட்டிலுள்ள பிழையை அது திருத்தாது, பிழையால் வரும் துன்பத்தைக் குறைக்கும்.

ஏட்டிற் பிழை கண்ட நல்லாசிரியர் எழுதினோனைப் பழித்தலோடு அமையார். பிழையின் இடம் காட்டிப் பின்வருவோர்க்கு வழி வகுப்பர். இவ்வறிஞரும் அதுவே செய்தனர். முன்னோர் தீவினையோ எனத் தலைகுனிந்து மைந்தரைப் புதைத்த குடியினர்க்கு, அஃது எவர் குற்றமுமன்று, ஓரெழுத்துப் பிழையே என்று கூறுதலினும் பெரிய ஆறுதல் யாது?