பெர்மிட்டும் கிராண்டும்: இரண்டு சொற்கள், இரண்டு உரிமைகள்

"எங்களிடம் காணிப் பத்திரம் இருக்கிறது" என்பவரிடம், "பெர்மிட்டா, கிராண்டா?" என்று கேட்டால், "இரண்டும் ஒன்றுதானே" என்பார். அரசு காணி தந்ததற்கு இரண்டுமே ஆதாரந்தான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

சொற்களின் பொருள்

ஆங்கிலத்தில் பெர்மிட் என்பது அனுமதித்தல். கிராண்ட் என்பது வழங்குதல். அயலவர் தமது வண்டிலைப் பாவிக்க அனுமதித்தால், வண்டில் அவருடையதே. வண்டிலையே உங்களுக்கு வழங்கிவிட்டால், அது உங்களுடையது.

சட்டத்தில்

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் இவ்வேறுபாட்டையே பின்பற்றுகிறது.

பெர்மிட் (அனுமதிப்பத்திரம்): நிபந்தனைகளுடன் காணியில் இருந்து பயிர்செய்ய அனுமதி. காணி அரசுடையது. நிபந்தனை மீறப்பட்டால், காரணம் காட்டும்படி அறிவித்தல் கொடுத்து, விசாரித்து, பெர்மிட்டை இரத்துச் செய்யலாம்.

கிராண்ட் (அளிப்பு): நிபந்தனைகளை நிறைவேற்றிக் காணியைத் திருத்தியவருக்குக் கிடைப்பது. அவர் காணியின் சொந்தக்காரர். எனினும் உறுதிக் காணி போல நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே தேவை.

இடம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டியவை

1. பெர்மிட் காணியை விட்டு வந்தவர்கள், வந்த காரணத்தையும் இப்போதைய விலாசத்தையும் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அறிவித்தல் பழைய விலாசத்துக்குப் போனால், பதில் சொல்லும் வாய்ப்பை இழக்க நேரிடலாம். கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள்.

2. பத்திரம் தொலைந்தால் உரிமை தொலைந்துவிடாது. பெர்மிட் விபரத்தைப் பிரதேச செயலகத்திலும், கிராண்ட் பதிவைக் காணிப் பதிவகத்திலும் தேடலாம்.

3. இரண்டுக்கும் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். நியமிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த விதி 2022இல் நீக்கப்பட்டது. ஆயினும் இப்போதே பெயரைப் பதிவது பிணக்கைத் தவிர்க்கும்.

4. பெர்மிட் காணியை வெறும் கடதாசியில் எழுதி விற்கவோ வாங்கவோ வேண்டாம். அனுமதி பெற்றவர், தமக்குச் சொந்தமில்லாததை விற்க இயலாது.

கலந்துரையாடுக

உங்கள் குடும்பத்தின் பத்திரம் எது? யாருடைய பெயரில் உள்ளது? பின்னுரித்தாளர் பதியப்பட்டுள்ளாரா? விடை தெரியாதவர்கள், பத்திரத்துடன் பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தரைச் சந்தித்துக் கேளுங்கள்.