சிறுநீரகம் பழுதானால் மூளை தடுமாறுமா?

கேள்வி: விசைத்தறி ஓட்டும் என் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சில நாள்களாகத் தறியில் இழை அறுந்ததுகூடத் தெரியாமல் நிற்கிறார். ராத்திரி முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். கிட்னிக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், பல்லடம்

பதில்: நெருங்கிய சம்பந்தம் உண்டு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் ரத்தத்தில் தேங்கினால் மூளை மந்தமாகும். கவனக்குறைவு, மறதி, பகல் தூக்கம் வரும். நீட்டிய கை படபடவென அடிக்கும். முற்றினால் வலிப்பு, கோமாவரை போகலாம். டயாலிசிஸைத் தவறவிட்டாரா என்று முதலில் பாருங்கள்.

கால் ஆட்டம், ‘ஓய்வற்ற கால்’ தொந்தரவாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு அதை அதிகமாக்கும். ரத்தப் பரிசோதனை அவசியம். பாதம் எரிந்தாலோ மரத்தாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். நரம்பு வலிக்கான கபாபென்டின்கூட, அளவைக் குறைக்காவிட்டால் உடலில் தேங்கிக் குழப்பம் தரும். நட்சத்திரப் பழம் கூடவே கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வலிப்பையே வரவழைக்கும்.

இந்தத் தடுமாற்றத்தை வயதின் மேல் போடாமல், அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்காமல், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரெனப் பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் செயலிழந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.