வட்டத்திலிருந்து மேடைக்கு

ஆப்பிரிக்க நடனம் என்றதும் முரசொலியும் துள்ளாட்டமும் மட்டுமே நம்மில் பலர் நினைவுக்கு வருகின்றன. அந்த ஆட்டம் ஊர்வெளியிலிருந்து மேடைக்கு வந்தபோது எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதை அறிய, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டு நடனக்குழுவான 'லே பாலே ஆப்ரிக்கேன்' குழுவை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இதை நிறுவியவர் ஃபோதேபா கெய்டா. 1921-இல் சிகிரி என்னும் ஊரில் பிறந்தவர், ஆசிரியர், கவிஞர். 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்த ஆப்பிரிக்க மாணவர்களையும் கலைஞர்களையும் கூட்டி இக்குழுவை அமைத்தார். ஆகவே தாய்நாட்டாருக்கு முன்பே அயல்நாட்டார் இதன் ரசிகர்களாயினர். 1958 அக்டோபர் 2-ஆம் நாள் கினி விடுதலை பெற்றது. அதன்பின் இது அரசின் தேசியக் குழுவாயிற்று.

இனி ஆட்டத்திற்கு வருவோம். மாலின்கே மக்களின் ஊர்களில் ஆட்டம் வட்டமாக நடக்கும். பார்வையாளர் என்று தனியே எவரும் கிடையாது. கைதட்டிப் பாடிக்கொண்டிருப்பவரே சற்று நேரத்தில் உள்ளே புகுந்து ஆடுவார். ஆட்டுத்தோல் கட்டிய ஜெம்பே முரசை வெறுங்கையால் வாசிப்பார்கள். டுண்டுன்பா, சங்பான், கென்கெனி என்னும் மூன்று உருளை முரசுகள் கோலடியில் தாளத்தைத் தாங்கி நிற்கும். ஒரு பெண் வட்டத்துக்குள் வந்துவிட்டால் ஜெம்பே வாசிப்பவரின் கண் அவள் காலிலேயே இருக்கும். அவள் அடிவைப்புக்கு ஏற்ப இவர் வாசிப்பார்.

மேடையில் இது தலைகீழாகிறது. பலர் ஒரே கணத்தில் அடியை மாற்ற வேண்டுமல்லவா? அதற்காக ஜெம்பே ஒரு சிறு சொற்கட்டை ஒலிக்கிறது. நம் மிருதங்கத்தின் முத்தாய்ப்பைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் அனைவரும் அடுத்த அசைவுக்குத் தாவுகிறார்கள். வட்டம் திறந்து அவையை நோக்கிய வரிசையாகிறது. மணிக்கணக்கில் நடக்கும் ஆட்டம் சில நிமிடங்களில் அடங்குகிறது. கடற்கரைச் சூசூ மக்களின் ஆட்டத்தை அடுத்து வனப்பகுதி மக்களின் ஆட்டம் வருகிறது.

இதைப் போலி என்பாரும் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. சேர்ந்து ஆடாமல் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு ஊராட்டத்தை அப்படியே காட்டினால் சலிப்புத்தான் மிஞ்சும். மேடைக்கென ஆட்டத்தை மாற்றியமைப்பதைக் கெய்டாவும் தயங்காமல் ஆதரித்தார்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. விடுதலைக்குப் பின் சேகு தூரேயின் அரசு, வனப்பகுதியில் முகமூடி அணிந்து நடத்திய சடங்குகளை மூடநம்பிக்கை என்று தடுத்தது. தீட்சை பெறாதவர் காணக்கூடாத புனிதப் பொருள்களை வலிய வெளியே கொணர்ந்து ஊரறியக் காட்டினர். ஆனால் அதே பகுதியின் முகமூடி ஆட்டங்கள் தேசப் பெருமை என்ற பெயரில் மேடையேறின. தோப்பில் குற்றமானது அரங்கில் கலையாயிற்று. ஆட்டம் பிழைத்தது உண்மைதான். அதை யாருக்காக ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமையோ ஊராரிடம் இல்லை.

கெய்டாவுக்கும் அந்த அரசு கருணை காட்டவில்லை. அதிலேயே அமைச்சராக இருந்த அவர், 1969-இல் கைதாகி, போய்ரோ சிறைமுகாமில் உயிரிழந்தார். குழு தொடர்ந்து ஆடிற்று.

1984-இல் சேகு தூரே மறைந்தபின் அரசு ஆதரவு சுருங்கியது. கலைஞர் பலர் வெளிநாடு சென்று ஆசிரியராயினர். கால் நூற்றாண்டுக் காலம் இக்குழுவின் முதன்மை ஜெம்பே கலைஞராக விளங்கிய ஃபாமுது கொனாத்தே ஜெர்மனியில் கற்பித்தார். இணைக்குழுவான 'ஜோலிபா'வின் மாமாடி கெய்டா, பிரஸ்ஸல்ஸில் 1991-இல் பள்ளி தொடங்கினார். இவர்களிடம் பயின்ற ஐரோப்பியர் சிலர், மூலத்தைத் தேடிக் கினிக்கே பயணமாகின்றனர்.

தலைநகர் கோனாக்ரியிலும் ஒரு மாற்றம் உண்டு. அங்கே தனியார் நடனக்குழுக்கள் பல இருக்கின்றன. தெருவில் நடக்கும் திருமண விழாக்களில் மீண்டும் வட்டம் கூடுகிறது. அதற்குள் புகும் இளைஞர்கள் ஆடுவதில் பாதி, மேடைக்கென அமைத்த அடிகள்.