பிரியாவிடைக்கு எந்தப் பாட்டு?



ஆண்டவர் தம் சீடரிடம் விடைபெற்ற இரவை நினைத்துப் பாருங்கள். அவர்களைப் பணியாளராக அல்ல, நண்பராகவே தாம் கருதுவதை அன்று அவர் வெளிப்படுத்தினார் (அருளப்பர் 15:15). இராவுணவின் முடிவில் புகழ்ப்பாடல் ஒன்று அங்கே ஒலித்தது. அதன் பின்னரே ஒலிவமலையை நோக்கி நடந்தனர் (மத்தேயு 26:30). நட்பும் பிரிவும் பாட்டும் அந்த மேலறையில் ஒன்றுசேர்ந்தன. ஆகவே, பாடசாலையை விட்டு விலகும் நாளில் பாட்டொன்று பாட வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பது நல்ல ஆசையே. அதைத் தடுக்க வேண்டாம்.

ஆனால் எந்தப் பாட்டு? ஆங்கிலப் பாடல் என்றால் பெரும்பாலும் மெட்டைக் கேட்டே தெரிவு நடக்கிறது. சொற்களை எவரும் ஆராய்வதில்லை. பாட்டிலுள்ள சொல்லும் நம் வாயிலிருந்து புறப்படும் சொல்லே. நண்பனைப் பார்த்துப் பாடும்போது அவனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறோம். என்ன வாக்கு என்று அறியாமல் கொடுக்கலாமா?

1. முழுப் பாட்டையும் வாசியுங்கள்

அமெரிக்காவில் கிறீன் டே என்ற குழுவினர் 1997-இல் வெளியிட்ட "குட் றிடன்ஸ்" என்ற பாடல் அங்குள்ள பாடசாலைகளின் விடைபெறு விழாக்களில் மிகவும் பிரபலமாயிற்று. மெட்டு அமைதியானது, கேட்பவர் கண்கலங்குவர். ஆனால் அது தன்னை விட்டுப் போன காதலியை எண்ணி ஒருவர் எழுதியது. "தொலைந்தது நல்லது" என்பதே தலைப்பின் கருத்து! 2015-இல் வந்த "சீ யூ அகெய்ன்" என்பதோ, 2013-இல் வாகன விபத்தில் இறந்த நடிகர் போல் வோக்கரின் நினைவாக ஒரு திரைப்படத்தில் இடம்பெற்றது. இறந்தவருக்கான பாட்டை உயிரோடு எதிரே நிற்கும் தோழியைப் பார்த்துப் பாடுவது பொருந்துமா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்களே சரியான விடையைச் சொல்வார்கள்.

2. யாரை நோக்கிப் பாடுகிறோம்?

ஒவ்வொரு வகுப்பிலும் நெருங்கிய தோழர் எவருமில்லாத பிள்ளை ஒன்று இருக்கும். இருவருடைய நட்பை மட்டும் போற்றும் பாட்டு அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்திவிடும். எல்லோரையும் உள்ளே அழைக்கும் பாட்டைத் தேடுங்கள். 1972-இல் பில் விதர்ஸ் பாடிய "லீன் ஒன் மீ" அத்தகையது. மேற்கு வேர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர் ஒன்றில் அவர் வளர்ந்தார். அயலவர் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்த அந்த வாழ்க்கையே பாட்டுக்குப் பிறப்பிடம். இன்று நான் உன்னைத் தாங்குவேன், நாளை எனக்கும் உன் தோள் வேண்டும் என்பது அதன் கருத்து. சுரங்கள் படிப்படியாக ஏறி இறங்குவதால் சிறுவருக்கும் எளிது.

3. பழைய பாட்டு, அறியாத பொருள்

"ஓல்ட் லாங் சைன்" பாடாத பிரியாவிடை குறைவு. இதை 1788-இல் றொபேட் பேர்ண்ஸ் என்னும் கவிஞர் பதிப்பாளருக்கு எழுதியனுப்பினார். அவர் இறந்த 1796-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. மொழி ஸ்கொத்லாந்து நாட்டுக்குரியது. ஆங்கிலேயருக்கே பல சொற்கள் விளங்கா. கருத்தை அறிந்தால் வியப்படைவீர்கள்: அது பிரிவைப் பாடவில்லை. நெடுங்காலம் பிரிந்திருந்த பால்ய நண்பர் மீண்டும் கண்டு, கூடித் திரிந்த நாட்களை நினைவுகூர்வதையே பாடுகிறது. இதே மெட்டுக்கு யப்பானியர் வேறு சொற்களை அமைத்து 1881-இல் பாடசாலைப் பாட்டு நூலில் சேர்த்தனர். மின்மினி வெளிச்சத்தில் படித்த மாணவரைப் பற்றிய அப்பாடலே அங்கு பட்டம் பெறும் நாளின் பாடலாயிற்று. பிறமொழி மெட்டைத் தம் பிள்ளைகளுக்கு விளங்கும் சொற்களோடு பாடவைத்த அந்த முயற்சி நமக்கும் பாடமாகலாம்.

4. நம்பிக்கை தரும் பாட்டு

"யூ வில் நெவர் வோக் அலோன்" உதைபந்தாட்ட இரசிகரின் பாட்டென்று பலர் எண்ணுகின்றனர். லிவர்ப்பூல் குழுவினரின் ஆதரவாளர் 1963 முதல் அதைப் பாடிவருவது உண்மையே. எனினும் அது 1945-இல் றொட்ஜேர்ஸ், ஹமர்ஸ்ரைன் இருவரும் உருவாக்கிய "கரோசல்" என்ற இசை நாடகத்துக்குரியது. நாடகத்தில் கணவனை இழந்த பெண்ணைத் தேற்றுவதற்காக அது முதலில் பாடப்படுகிறது. ஆண்டுகள் பல சென்றபின், அவளுடைய மகள் பாடசாலையை விட்டு விலகும் விழாவில் மீண்டும் ஒலிக்கிறது. தந்தையற்று, ஊராரால் ஒதுக்கப்பட்டு நின்ற அந்தச் சிறுமிக்கு அது துணிவு தருகிறது. புயலிலும் தலைநிமிர்ந்து நட என்பதே பாட்டின் செய்தி. கூட நடப்பவர் யாரென்று பாட்டு பெயர் சொல்வதில்லை. எம்மாவு வழியில் சீடரோடு நடந்தவரைப் பற்றி வீட்டில் நாம் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: முடிவில் குரல் மிக உயர வேண்டும், சுருதியைத் தாழ்த்தித் தொடங்குங்கள்.

5. பாடும் இடம்

திருப்பலியில் பாடும் சொற்கள் கத்தோலிக்க போதனைக்கு இசைந்தவையாய், சிறப்பாக வேதாகமத்திலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்பட வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கற்பித்தது (திருவழிபாட்டு ஏடு, 121). ஆகவே மேற்கூறிய பாடல்களுக்கு இடம் மண்டபமே, பீடமன்று. மைக்கல் டபிள்யூ. ஸ்மித் 1983-இல் வெளியிட்ட "பிறெண்ட்ஸ்", தம் வேதாகம வகுப்பிலிருந்து ஊர் மாறிச் சென்ற நண்பருக்காக அவரும் மனைவியும் எழுதியது. ஆண்டவரை முன்னிட்ட நட்பு அழியாது என்று கூறும் அழகிய பாட்டு. அதையும் பூசை முடிந்தபின் மண்டபத்தில் பாடுவதே முறை.

6. பாட்டியும் விளங்கிக்கொள்ளட்டும்

விழாவுக்கு வரும் பாட்டன் பாட்டியர் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரப்பிள்ளை என்ன பாடுகிறதென்று அறியாமலே கைதட்டிவிட்டுப் போவார்கள். பாட்டுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து, அதன் கருத்தை இரண்டு மூன்று வசனங்களில் தமிழில் சொல்லட்டும். அப்படிச் சொல்லக் கூச்சப்படும்படியான பாட்டானால், அது அந்த மேடைக்குரியதன்று. தெரிவுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. அதனோடு தமிழ்ப் பாட்டு ஒன்றையும் சேர்த்துப் பாடுங்கள்.

மிலேத்துவில் புனித சின்னப்பர் எபேசு மூப்பரோடு முழந்தாளிட்டுச் செபித்தார், அவர்கள் அழுதனர், கப்பல்வரை கூடச் சென்றனர் (அப். பணி 20:36-38). அழுகை நட்புக்கு இழுக்கன்று. நம் பிள்ளைகளிற் சிலர் அயலூருக்கும் சிலர் கடல் கடந்தும் போவார்கள். மேடையில் பாடியது பின்னர் ஒரு கடிதமாக, ஒரு தொலைபேசி அழைப்பாக, ஒரு செபமாக வரும்போதே பாட்டு உண்மையாகிறது.

குடும்பமாகச் சிந்திக்க:

அ. நம் பிள்ளை பாடப்போகும் பாட்டின் கருத்தை அது தமிழில் சொல்லுமா?

ஆ. வகுப்பில் தனித்து நிற்கும் பிள்ளை யார்? விடைபெறுமுன் அதனோடு பேசினோமா?

இ. நம்மோடு படித்த ஒருவரை இவ்வாரம் தேடி நலம் விசாரிப்போமா?