மலைச்சரிவில் ஒரு மரக்குடில்

அன்புள்ள தம்பிக்கு,

கோத்தகிரிப் பக்கம் 10 சென்ட் வாங்கி, அதில் 300 சதுர அடியில் ஒரு மரக்குடில் வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். “பட்டா இருக்கிறது. குடில் தொழிற்சாலையிலிருந்து முழுதாக லாரியில் வந்து இறங்கும், அஸ்திவாரமே கிடையாது. இதற்குமா சார் அனுமதி?” என்று கேட்டிருந்தாய். உனக்கு மட்டும் தோன்றிய எண்ணமாக இருந்தால் போனில் பேசி முடித்திருப்பேன். குடில் விற்பவர்களும் நிலத் தரகர்களும் வருகிறவர்களிடமெல்லாம் இதையேதான் ஓதுகிறார்கள். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, சுவர் எழுப்புவதற்கு மட்டும் அனுமதி வாங்கினால் போதாது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் வாங்க வேண்டும். தேயிலை பறித்த இடத்தில் ஆள் தங்கத் தொடங்கினாலே பயன்பாடு மாறிவிட்டது. குடிலின் அடியில் சிமெண்ட் இருக்கிறதா, இரும்புக் கால் இருக்கிறதா என்பது அதற்கு அப்புறம் வரும் பேச்சு. மலைக்கிராமங்களுக்கு இது போதாதென்றுதான் 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. வருவாய், வனம், வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கம் என்று ஒவ்வொரு துறையிடமும் கேட்டு வா என்பார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் புவியியல் துறைக்காரர் ஏன் வந்து பார்க்க வேண்டும் என்பதை நீ ஒரு முறையாவது யோசித்திருக்கலாம். என்னிடம் மூன்று வருடம் புவியியல் படித்தவன் நீ.

குடிலின் அளவை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்காக மலையை எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. சரிவில் 300 சதுர அடியை உட்காரவைக்கச் சமதளம் வேண்டும். மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி மெத்துவார்கள். முழுக் குடிலையும் ஏற்றிய லாரி அங்கே வர வேண்டுமானால் பாதை அகலமாக வேண்டும், வளைவுகளில் இன்னும் அகலமாக. செங்கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கட்டும் சின்ன வீட்டைவிட, லாரியில் வரும் உன் ‘லேசான’ குடில்தான் மலையை அதிகம் வெட்டும். குடிலுக்குக் கழிவறை உண்டு, அதற்கு உறிஞ்சுகுழி உண்டு. மழை இல்லாத மாதத்திலும் அந்தக் குழி சரிவுக்குள் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருக்கும்.

அந்த மண் எப்படிப்பட்டது என்று பார். நீலகிரியின் பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இந்த இனம்தான். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து 1893இல் எழுதிய கட்டுரையை நான் மாணவனாக இருந்தபோது நூலகத்தில் தேடிப் படித்தேன். சென்னைப் பரங்கிமலையில் கிடைக்கும் கல்லோடு அதைச் சேர்த்துவைத்துக் காட்டியவர் அவர். ஒரு கல்லறைக் கல்லிலிருந்து தென்னிந்தியாவின் அடித்தளப் பாறைக்கே ஒருவரால் போக முடிந்ததே என்ற வியப்பு இன்றும் எனக்குத் தீரவில்லை. அத்தனை உறுதியான அந்தப் பாறைதான் நீலகிரியின் ஈரத்தில் காலங்காலமாக ஊறி, நைந்து, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகிக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அந்த உறுதியைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நாள்கணக்கில் மழை பெய்தால் மண்ணின் துளைகளில் நீர் நிரம்பும், அதன் அழுத்தம் ஏறும், மண்துகள்களுக்கு இடையிலான பிடிப்பு குறையும், எடையும் கூடும். அந்த நேரத்தில் சரிவின் அடி வெட்டப்பட்டிருந்தால், மூட்டை அடுக்கில் அடி மூட்டையை உருவிய கதைதான். கீழ்ப்பக்கம் மெத்திய மண் அதற்கும் முன்பே போய்விடும்.

1993இல் மரப்பாலத்தில் மலை சரிந்து சாலையோடு மனிதர்களையும் கொண்டுபோனது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல். அதே நாளில்தான் வயநாட்டுப் புத்துமலையும் சரிந்தது. 2024 ஜூலை 30 அன்று சூரல்மலையிலும் முண்டக்கையிலும் இறந்தவர்கள் யாரும் சரிவு தொடங்கிய இடத்தில் இருந்தவர்கள் அல்லர். மேலே காட்டுக்குள் தொடங்கி, ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த மண்ணும் பாறையும் அவர்களைக் கொன்றன. நிலத்தின் ஓரமாக ஓடை சலசலக்கிறது என்று ஆசையாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதிகம் பயம் தந்த வரி அதுதான். படகர்களின் பழைய ஊர்களான ஹட்டிகள் எங்கே இருக்கின்றன என்று போய்ப் பார். மேட்டுச் சரிவில் வரிசை வீடுகளாக நிற்கும். ஓடை வழியை ஓடைக்கே விட்டிருப்பார்கள்.

அடுத்து நீ சொன்ன வீட்டு வரி ரசீது. இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. படித்தவர்களே ரசீதை அனுமதி என்று நம்புகிறார்கள். வரி வாங்கினால் வரி வாங்கினார்கள், அவ்வளவுதான். மின் இணைப்பு வந்துவிட்டால் ஒருவரும் தொட முடியாது என்பதும் அதே ரகம். கட்டட நிறைவுச் சான்று இருந்தால் மட்டுமே மின்சாரமும் தண்ணீரும் தர வேண்டும், வங்கிகளும் அதைப் பார்த்தே கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரிகள் எத்தனை காலம் பார்க்காமல் இருந்தாலும், உரிமையாளர் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், விதிமீறல் முறையாகிவிடாது என்பதையும் அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று அதற்கு ஒரு மாதம் முன்பு வந்த தீர்ப்பு உனக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் அது அவகாசம் மட்டுமே தரும், அனுமதி தராது.

சீகூர்ப் பக்கம் நடந்ததை நீ அறிவாய். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அங்கே யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு முத்திரை வைத்தார்கள். 2020 அக்டோபரில் யானை வழித்தட அறிவிப்பே செல்லும் என்று தீர்ப்பானது. மாட்டிக்கொண்டதில் பெரிய முதலாளிகள் மட்டும் இல்லை, நான்கைந்து அறை வைத்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் கையிலும் பட்டாவும் ரசீதும் இருந்தன. வாரக் கடைசியில் வாடகைக்கும் விடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு முன் இதை நினைத்துப் பார். அனுமதி இல்லாத கூரையின் கீழ் தங்கிய விருந்தாளிக்கு ஒன்று ஆனால் உன் பக்கம் நிற்கக் காப்பீட்டு நிறுவனம் வராது.

கூடலூரில் மலிவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் தலைவைக்காதே. 1969ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களுக்கு உரிமையே இன்னும் தீரவில்லை. நீலகிரியில் வேறு இடங்களிலும் பட்டா நிலம் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தால் மரம் வெட்டவே குழுவின் அனுமதி தேவை. ஜேசிபி கொண்டுவருவதற்கே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய ஊர் நீலகிரி. ராத்திரியில் வேலையை முடித்துத் தருகிறேன் என்று சொல்பவன் உன்னைக் குற்றத்தில் கூட்டாளியாக்குகிறான்.

சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு முதலில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போ. அடுத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அந்தக் கிராமம் மலைக்கிராமப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஒரு நாள் நிலத்தில் குடையோடு நின்று, மேலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார். இவை முடியும்வரை, நிலத்துக்காரரானாலும் குடில் நிறுவனமானாலும், ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்