பேரப்பிள்ளையின் மாத்திரையும் போதைப்பொருளும் ஒன்றா?

பேரனுக்குக் கவனம் நிலைப்பதில்லை என்று மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்திருக்கிறார். “அது கொக்கேய்ன் வேலை செய்யும் அதே இடத்தில்தான் வேலை செய்யுமாம்” என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். பாட்டி பயந்துபோய், “இனிமேல் கொடுக்காதே” என்கிறார்.

பாட்டியின் கவலை இயல்பானது. ஆனால் அவர் கேட்டது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வோம்.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் மூளையில் டோப்பமின் என்னும் பொருள் சுரக்கிறது. கவனம், ஊக்கம், உடல் அசைவு ஆகியவற்றுக்கு அது தேவை. பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கை நடுங்குவதும் அசைவு மெதுவாவதும் அது குறைந்துபோவதால்தான்.

பாத்திரம் கழுவும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து விழும் தண்ணீர்தான் டோப்பமின். வேலை முடிந்ததும் அது அடியிலுள்ள துளை வழியாக இறங்கிவிடும். நரம்பணுவிலும் அப்படியொரு துளை உண்டு. டோப்பமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதம் அது.

ஒரே துளை, வெவ்வேறு விளைவு

• கொக்கேய்ன் துளையை அடைத்துவிடுகிறது. புகைத்தாலோ ஊசி போட்டாலோ சில நொடிகளில் மூளையை எட்டும். தண்ணீர் திடீரென்று நிரம்புகிறது, அதுதான் போதை.

• ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் அந்தத் துளை வழியாகவே உள்ளே புகுந்து, இறங்க வேண்டிய தண்ணீரை மேலே தள்ளுகிறது. தொட்டி பொங்கி வழிகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும்; பக்கவாதம், வீண் சந்தேகம், மனக்குழப்பம் ஏற்படலாம்.

• மெத்தில்ஃபெனிடேட்டும் துளையை அடைக்கிறது. ஆனால் மாத்திரையாக விழுங்கும்போது அது மூளையில் உச்ச அளவை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தண்ணீர் மெல்ல உயர்வதால், மருத்துவர் சொன்ன அளவில் போதை வருவதில்லை, கவனம் கூடுகிறது.

ஆகவே எந்தத் துளை என்பது மட்டும் முக்கியமல்ல. எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதும் முக்கியம்.

இதனால்தான், நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை நசுக்கியோ மெல்லக் கொடுத்தோ பழக்கக் கூடாது. பல மணி நேரத்தில் சேர வேண்டிய மருந்து ஒரே சமயத்தில் சேர்ந்துவிடும். பிள்ளைக்கு விழுங்க முடியாவிட்டால் மருந்தாளரிடம் கேளுங்கள்.

துளையை ஓரளவு அடைத்தால் ‘ஐஸ்’ தடைபடுமா?

‘ஐஸ்’ உள்ளே புகவும் அந்தத் துளை வேண்டும். வேறொரு மருந்து அதை ஓரளவு அடைத்திருந்தால் போதை குறையலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணினர். புப்ரோப்பியன் அத்தகைய மருந்து. மனச்சோர்வுக்கும், புகைப்பதை விட விரும்புவோருக்கும் அது தரப்படுகிறது.

அமெரிக்காவில் 403 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. புப்ரோப்பியன் மாத்திரையோடு, மூளையில் வேறு வழியில் செயல்படும் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் கொடுக்கப்பட்டது. பலன் கண்டவர்கள் 100க்கு ஏறக்குறைய 14 பேர். போலி மருந்து பெற்றவர்களில் 2 அல்லது 3 பேர். நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் மந்திர மருந்து அல்ல. ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் இன்றும் தேவை.

இதைக் கேட்டு, வீட்டிலிருக்கும் புப்ரோப்பியனை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அது வலிப்பை உண்டாக்கலாம். ‘ஐஸ்’ உட்கொண்டவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• பேரப்பிள்ளையின் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பசியின்மை, தூக்கமின்மை தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• ஒருவருடைய மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்.
• பார்க்கின்சன் நோய்க்குச் செலெஜிலின் சாப்பிடுகிறீர்களா? அதனுடன் புப்ரோப்பியனோ மெத்தில்ஃபெனிடேட்டோ சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மருந்தகத்துக்குப் போகும்போது எல்லா மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.
• நெஞ்சுவலி, வலிப்பு, கடும் காய்ச்சலோடு குழப்பம் கண்டால் உடனே 995ஐ அழையுங்கள்.

வீட்டில் யாரேனும் ‘ஐஸ்’ பழக்கத்தில் சிக்கியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மனநலக் கழகத்திலுள்ள போதைப்பழக்கச் சிகிச்சைச் சேவையை 6732 6837 என்ற எண்ணில் அழைக்கலாம். குடும்பத்தாரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.