மறதியைச் சோதிப்பது எப்படி?

பிரட்டில் சொன்ன வேலை மலைக்குப் போவதற்குள் மறந்தால், 'கவனமில்லை' என்று ஏசுகிறோம். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவரிடம் அது கவனக்குறைவல்ல. மின்கம்பியின் உறைபோல் நரம்பை மூடியிருக்கும் மயலின் பழுதடைவதால், மூளையில் செய்தி தாமதிக்கிறது. நம் நாட்டில் இது அபூர்வமான நோய். காணியும் வீடும் இழந்து தூக்கமின்றித் தவிப்பவருக்கும் மறதி வரும். ஆகவே வீணாகப் பயப்பட வேண்டாம். ஆனால் மறதியுடன் பார்வை மங்கினாலோ, கைகால் மரத்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்நோயாளரின் நினைவாற்றலை அறிய 2012இல் பல நாட்டு வல்லுநர்கள் பரிந்துரைத்த சிறு சோதனைகளுள் ஒன்று சொற்பட்டியல். 16 சொற்களை வாசிப்பார்கள். நினைவில் நின்றவற்றை எந்த ஒழுங்கிலும் சொல்லலாம். இப்படி ஐந்து தடவை. சாதாரணமாகத் தடவைக்குத் தடவை எண்ணிக்கை கூடும். இவர்களிடம் மெதுவாகவே கூடும். ஆனால் நன்றாகப் பதிந்த சொல் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

சொற்கள் நோயாளியின் தாய்மொழியில் இருப்பது அவசியம். நமது சகோதரருக்குச் சிங்களத்தில் வாசித்தால், அளக்கப்படுவது ஞாபகமா, சிங்கள அறிவா? ஹாலிஎலயிலிருந்து பதுளைக்குக் கிளினிக் போகிறவர்கள், தமிழில் சோதிக்கும்படி முன்னரே கேளுங்கள். காது மந்தமானால், இரவு தூங்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். கூடப் போகிறவர் சொல் எடுத்துக் கொடுக்கக்கூடாது (நமது தாய்மாருக்கு இது கஷ்டம்தான்!).

வீட்டில் ஒரு விஷயத்தை மெதுவாக மூன்று நான்கு தரம் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். கிளினிக் திகதியைக் கலண்டரில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள்.